ஹாஜிகளின் பணமுடிப்பு

வசதியுள்ள முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் ஆயுளில் ஒருமுறை ஹஜ் கடமை என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால், பட்ட கடனைத் தீர்த்து, தாம் திரும்பி வரும்வரையில் வீட்டில் இருப்போரின் ஜீவனத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்து, அதற்குப் பின்னும் போகவர வழிச்செலவுக்குப் பணம் மிஞ்சுகின்றவர் மீதுதான் அக்கடமை விதிக்கப்பட்டிருக்கிறது என்னும் நுணுக்கத்தைப் பிறர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. யாத்திரையின் தொடக்கமே இவ்வாறு வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த அந்தப் பணத்தைக் கடல் கடந்து கொண்டுபோய், வழிப்பறிக்காரரிடமும் முடிச்சவிழ்ப்போரிடமும் பறிகொடாமல் செலவிட்டு, ஊர் திரும்புவதற்கான தொகையையும் மிச்சம் பிடிப்பது தலைமுறை தலைமுறையாக ஹாஜிகளின் பெருங்கவலையாக இருந்து வந்தது. அந்தக் கவலை ஒரு தேசத்தின் நாணய முறையையே மாற்றி அமைத்த விருத்தாந்தம் நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

மக்காவின் புனித எல்லையை அணுகும்போது ஆண்கள் தைத்த உடைகளைக் களைந்துவிட்டு, ஒன்றை இடையிலும் மற்றொன்றைத் தோளிலுமாக, இஹ்ராம் என்னும் இரண்டு வெள்ளைத் துணிகளை அணிய வேண்டும். செல்வரையும் ஏழையையும் பேதமின்றி நிறுத்தும் அந்த உடையில் பை கிடையாது. பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி ஆதியிலேயே எழுந்தது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் பணவாரை, அது தைக்கப்பட்டதே ஆயினும், அணியலாம் என்று மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் தீர்ப்பளித்தார்கள். அரபியில் ஹிம்யான் என வழங்கிய அந்த வார்தான் இன்று ஹஜ் பெல்ட் என்ற பெயரோடு, ஜிப் வைத்த இரண்டு மூன்று அறைகளுடன் கடைகளில் தொங்குகிறது. பெண்களுக்கு இந்த உடை விதி இல்லை. வழக்கமான ஆடையிலேயே அவர்கள் கடமைகளை நிறைவேற்றலாமாதலால், குடும்பத்தோடு செல்பவர்கள் பணத்தில் ஒரு பகுதியை மனைவியிடமோ தாயாரிடமோ கொடுத்து வைப்பதற்கும் வழி இருந்தது. வணக்கத்தின் உச்ச நிலையில் நிற்கும் அடியவனுக்கும் கைப்பொருளைப் பற்றிய கவலை உண்டு என்பதை உணர்ந்து, அதற்கு இடம் கொடுத்த அந்தத் தீர்ப்பில் காணப்படும் கருணை என் உள்ளத்தைக் கவர்கிறது.

பணம் மிகுதியாக இருந்தவர்களுக்கும் நிம்மதி இருந்ததில்லை. போபால் அரசி சிக்கந்தர் பேகம் 1863ஆம் ஆண்டின் இறுதியில் தம் தாயார் குத்ஸியா பேகத்தையும் பெரும் பரிவாரத்தையும் அழைத்துக்கொண்டு ஹஜ் யாத்திரை சென்றார். அவரே எழுதிய யாத்திரை வரலாற்றில் பக்தியோடு பணக் கவலையும் கூடவே வருகிறது. தாயார் தாராளமாகத் தருமம் செய்வதைக் கண்டு திரண்ட கூட்டமும், ஏதாவது ஒரு காரணம் சொல்லிக் கைநீட்டிய அதிகாரிகளும் அவரை அலைக்கழித்தார்கள். வழியிலுள்ள அபாயத்தையும் செலவையும் எண்ணி, மதீனாவைத் தரிசிக்காமலேயே அவர் திரும்ப நேர்ந்தது. ஒரு ராஜ்யத்தை ஆண்டவருக்கே இந்த நிலை என்றால், நிலத்தை விற்றுப் புறப்பட்ட எளிய குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பும் கப்பலுக்குக் கட்டணம் இல்லாமல் ஜித்தாவில் தங்கிவிட்ட ஏழை யாத்திரிகர்களின் துயரம் அக்காலத்து அரசாங்கக் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. 1886இல் இந்திய அரசாங்கம் ஹஜ் பயண ஏற்பாடுகளைத் தாமஸ் குக் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பணத்தைச் சுமக்காமல், அயல்நாட்டு வங்கியில் காட்டிக் காசாக்கிக்கொள்ளும் சீட்டுகளை அந்த நிறுவனம் 1874 முதலே தன் உல்லாசப் பயணிகளுக்கு விற்று வந்தது. எனினும் வங்கியின் வாசலையே மிதித்தறியாத நம் கிராமத்து ஹாஜியின் மடியில் வெள்ளி ரூபாய்தான் இருந்தது.

மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸ் பகுதியின் கடைவீதிகளில் அந்த ரூபாயை வாங்கிக்கொண்டார்கள் என்பது நம்மவர்களுக்கு ஓர் அனுகூலம். தங்கப் பவுனும், மரியா தெரேசாவின் உருவம் பொறித்த ஆஸ்திரிய வெள்ளி நாணயமும் அங்கே அதனுடன் சேர்ந்து புழங்கின. 1925இல் ஹிஜாஸ் முழுவதையும் வென்ற, பின்னர் சவூதி அரேபியாவை நிறுவிய மன்னர் அப்துல் அஜீஸ் வழிப்பறியைக் கடுமையாக ஒடுக்கினார். எண்ணெய் வளம் வெளிப்படாத அந்த நாட்களில் ஹாஜிகளால் கிடைத்த வருமானமே அவருடைய கஜானாவுக்கு முக்கிய ஆதாரமாக இருந்தது என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. 1935இல் அவர் வெளியிட்ட புதிய வெள்ளி ரியால் ஏறக்குறைய இந்திய ரூபாயின் எடையே உடையது: 11.6 கிராம். ஒரு நாணயமாகக் கையில் வைத்துப் பார்த்தால் அது சொற்பம். ஆயிரம் ரியாலைச் சாக்கில் கட்டினால் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். அதைச் சுமந்துகொண்டு, வயோதிகத் தாயாரையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, வெயிலில் பெருங்கூட்டத்தின் நெருக்கத்தில் நடப்பதைக் கற்பனை செய்து பார்த்தால், நாணய முறையின் குறைபாடு முதுகெலும்புக்குத் தெரியும்.

1952இல் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஆர்தர் யங்கின் ஆலோசனைப்படி சவூதி அரேபிய நாணய நிர்வாக நிலையம் நிறுவப்பட்டது. அதன் சாசனம் காகிதப் பணம் வெளியிடக் கூடாது என்று தெளிவாகத் தடுத்தது. உலோகத்தைத் தவிர வேறெதையும் பணமாக மதிக்காத ஒரு சமூகத்தில் அந்தத் தடை இயல்பானதே. ஆயினும் ஹாஜிகளின் கஷ்டம் கண்ணெதிரே இருந்தது. ஆகவே 1953ஆம் ஆண்டு ஹஜ் பருவத்துக்கு, நோட்டு என்று பெயர் சொல்லாமல், 'ஹஜ் யாத்திரிகர் ரசீது' என்று 10 ரியால் சீட்டுகள் 50 லட்சம் அச்சிடப்பட்டன. இதைக் கொண்டுவருபவருக்குரிய பத்து ரியால் நிலையத்தின் பெட்டகத்தில் இருக்கிறது என்னும் உறுதிமொழி அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அரபியோடு பாரசீகம், உருது, துருக்கி, மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளும் அச்சிறு காகிதத்தில் இடம்பெற்றன. எந்தத் தேசத்து யாத்திரிகரும் தாம் கையில் பிடித்திருப்பது இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையை அது காட்டுகிறது. வெளியிட்ட சீட்டுகளுக்கு ஈடான மதிப்பும் கையிருப்பில் வைக்கப்பட்டது.

அதற்குப் பின் நிகழ்ந்ததுதான் ஆச்சரியம். ஹாஜிகள் ஊர் திரும்பிய பிறகு அந்த ரசீதுகள் வெள்ளியாக மாறப் பெட்டகத்துக்கு ஓடி வரவில்லை. மக்காவின் வியாபாரிகளும் ஜித்தாவின் வணிகர்களும் அவற்றைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு 5 ரியால் ரசீதும், 1956இல் 1 ரியால் ரசீதும் வந்தன. சாசனம் தடுத்த காரியத்தை யாத்திரிகரின் சௌகரியம் சாதித்துவிட்டது. 1961இல் சவூதி அரசு முறையான ரியால் நோட்டுகளை வெளியிட்டபோது ஜனங்களுக்குக் காகிதம் புதிதாக இருக்கவில்லை. 1964இல் ரசீதுகள் திரும்பப் பெறப்பட்டன. இதன் பெருமையை நிபுணர்களுக்கு மட்டும் உரியதாக்குவது நியாயமன்று. முன்பின் அறியாத ஊரில், சேமிப்பு முழுவதையும் ஒரு காகிதத்தின் மேல் வைத்த ஹாஜிக்கும், அதை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழத்தை நிறுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

இதே காலத்தில் இந்தியா வேறொரு நோக்கத்தோடு காகிதத்தைப் பயன்படுத்தியது. வளைகுடாப் பகுதியில் சேர்ந்த ரூபாய் தங்கக் கடத்தலுக்கு வழியாகி அன்னியச் செலாவணியைக் கரைத்தமையால், 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி நோட்டுகளையும், ஹாஜிகளுக்கென்று வேறு நிறத்தில் 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகளையும் அச்சிட்டது. ஹஜ் நோட்டின் எண்ணுக்கு முன்னால் 'எச் ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். உள்நாட்டில் அது செல்லாது. தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறிப் பம்பாய் சென்று, முசாபர்கானா என்னும் யாத்திரிகர் விடுதியில் தங்கி, மொகல் லைன் கப்பலில் புறப்பட்ட குடும்பங்களும் இவ்விதிக்குள் அடங்கியவர்களே. சவூதியில் ரியாலாக மாற்றிக்கொள்வதைத் தவிர வேறெதற்கும் உதவாத நோட்டு என்பதால், அதன் புழக்கம் யாத்திரையின் எல்லையோடு முடிந்துவிட்டது.

பிற்காலத்தில் இந்திய ஹஜ் கமிட்டி, யாத்திரிகர் முன்கூட்டிச் செலுத்திய பணத்திலிருந்தே தலைக்கு 2,100 ரியாலைப் புறப்படும் இடத்திலேயே கையில் கொடுக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகள் கைக்கொண்டது. ஒரு குடும்பத்தில் நால்வர் சென்றால் நால்வர் பெயருக்கும் தனித்தனியே பணம் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரே இடுப்பில் கட்டிக்கொண்டு குடும்பத் தலைவர் தத்தளிக்க வேண்டிய அவசியம் அதனால் நீங்கியது.