எல்லைக்கல்லும் இரண்டு மார்க் கேள்வியும்

போன சனிக்கிழமை நாங்கள் நாலு பென்ஷன்காரர்கள் தாம்பரத்தில் காலை ஏழேகால் பீச் வண்டியைப் பிடித்தோம். 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. பாரிமுனைக் கட்டடங்களைப் பார்ப்பது, கடைத்தெருவில் ஒரு சுற்று, வெயில் ஏறுமுன் திரும்புவது. அவ்வளவுதான் திட்டம். ஒருவர் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை விலை விசாரிக்க வேண்டும். இன்னொருவருக்கு முட்டிவலி, ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து வாங்க வேண்டும்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜார் ஓரமாக நடந்து பாரிமுனை வந்தோம். 1940-ல் எழுந்த டேர் ஹவுஸ் மூலையில் கம்பி வேலிக்குள் ஒரு கல்தூண். "வாத்தியாரே, இது என்ன, சாமிக் கல்லா?" என்றார் கூட வந்தவர். எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். நின்று பார்த்தது அன்றைக்குத்தான். 1773 ஜனவரி 1 என்று தேதி போட்ட எல்லைக்கல் அது. ஆறு கற்கள் நட்டார்களாம், மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

எதற்கு எல்லை? 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி அப்போது ஒரு பெரிய ஊர் இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து வருவான் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749-ல் ஊர் கைமாறியதும் ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் படிப்படியாக இடித்துத் தள்ளினார்கள். பீரங்கி தடையில்லாமல் சுட வெட்டவெளி வேண்டும். அந்த வெளியில் இனி யாரும் கட்டக் கூடாது என்பதற்குத்தான் கல்.

முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தினேன். "ஐ-லா-சபேல் உடன்படிக்கை, 1748. சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது." இரண்டு மார்க். இதை எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! திரும்பி வந்த ஊரில் ஜனங்களின் வீடு நிற்கவில்லை என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. சுற்றுலாவுக்கு மகாபலிபுரம் கூட்டிப் போனோம், வண்டலூர் கூட்டிப் போனோம். ஒரு மணி நேர ரயிலில் இருந்த இந்தக் கல்லிடம் கூட்டி வரவில்லை. அதைச் சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிரே உயர் நீதிமன்றம். 1892-ல் திறந்தது. செங்கல்லும் குவிமாடமும் கண்ணைப் பறிக்கும். பெரிய குவிமாடத்தின் மேல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. நானும் அண்ணாந்து பார்த்து ரசிக்கிறவன்தான். ஆனால் அந்த மண்ணில்தான் சென்ன கேசவப் பெருமாள் கோயில் இருந்தது. 1757 வாக்கில் அதையும் இடித்தார்கள். பிறகு கம்பெனி வேறு இடம் கொடுக்க, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கேசவருக்கும் மல்லீசுவரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில் எழுப்பினார். இப்போது தேவராஜ முதலி தெருப் பக்கம் இருக்கிற பட்டணம் கோயில்கள் அவைதான். கண்ணாடிக் கடை, பூஜைச் சாமான் கடை, கைவண்டி எல்லாவற்றுக்கும் நடுவே வழி கேட்டுத்தான் போனோம். உள்ளே நுழைந்தால் குளுகுளுவென்று இருந்தது. சாமிக்கு மாற்று இடம் கிடைத்தது. கோயிலைச் சுற்றி இருந்த வீட்டுக்காரர்கள் முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை என்று வடக்கே ஒதுங்கினார்கள். நாம் சாமான் வாங்கும் ஜார்ஜ் டவுன் அப்படி நிரம்பிய ஊர்.

கொத்தவால் சாவடிக்கு வந்ததும் மருந்து வாங்க வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். விடிவதற்கு முன்னால் இங்கே வந்து மூட்டை எடுப்பாராம். 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. "அந்த வயசுல அப்பாவால புது இடத்துக்குப் பழக முடியல சார். ரெண்டே வருஷத்துல கடையை விட்டுட்டார்" என்றார். நெரிசலும் சேறும் தாங்காமல்தான் மாற்றினார்கள், தப்பென்று சொல்ல மாட்டேன். அவர் மட்டும் ஒரு திண்ணையைக் காட்டி, "இங்கதான் டீ குடிப்பார்" என்றார்.

பத்திரிகை விலை கேட்டோம். நூற்றுக்கு என்ன சொன்னான் என்று எழுதினால் கல்யாண வீட்டார் கோபிப்பார்கள்.

திரும்பும்போது என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஆண்டர்சன் சர்ச்சைப் பார்த்துக்கொண்டே வந்தோம். நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி 1837-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, நூறு வருஷம் இந்தப் பகுதியில்தான் இருந்தது. இடம் போதாமல் 1937-ல் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. அந்தக் கல்லூரி மரநிழலில் தினமும் நடக்கிற எங்களில் இரண்டு பேருக்கு இது தெரியாது.

வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. மருந்துப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நண்பர் கேட்டார்: "அந்தக் கல்லை நட்ட அன்னிக்கு, வீடு போனவங்க யாராவது வந்து பார்த்திருப்பாங்களா சார்?" கிண்டி வரைக்கும் யோசித்தேன். கல்லின் படம் கீழே இருக்கிறது. வேலிக்கம்பி குறுக்கே வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.