மச்சானின் மாத்திரைப் பை

பெரம்பலூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வருஷம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானபோது, சுகர் மாத்திரைக்கு என் ஜன்னலில் நின்றவர்கள் ஓய்வுபெற்ற வாத்தியார்களும் கடைக்காரர்களும்தான். 2007இல் அரியலூர் மறுபடி தனியாகப் பிரிந்த சமயத்தில் களைவெட்டும் பெண்களும் சிமென்ட் லாரி ஓட்டுநர்களும் அதே வரிசைக்கு வந்துவிட்டார்கள். வரகு விளைந்த மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளம் ஏறியிருந்தது. வீட்டில் மூன்று வேளையும் அரிசி. அது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அதே 1995இல், அமெரிக்காவின் வட கரோலினாவில் வால்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘யார்தான் நினைத்திருப்பார்கள்?’ என்றே அதன் தலைப்பு தொடங்கும். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையை வெட்டிக்கொண்டவர்கள் இளைத்துப்போவதைக் கவனித்து, 1966இல் எட்வர்ட் மேசன் உருவாக்கிய இரைப்பை ‘பைபாஸ்’ ஆபரேஷன் போரிஸ் கைக்கு வந்திருந்தது. பருமனைக் குறைக்கத்தான் அதைச் செய்தார். சர்க்கரையைத் தேடிப் போகவில்லை. ஆனால் 14 ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், சர்க்கரை நோயிருந்த 146 பேரில் 121 பேருக்கு அளவு சாதாரணமாகியிருந்தது. அதுவும் உடம்பு இளைப்பதற்கு முன்பே, சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கியது! சோறு முன்சிறுகுடலைத் தொடாமல் கீழே போய்ச் சேரும்போது குடலே சில ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரந்து இன்சுலினைத் தூண்டிவிடுகிறது. கணையத்தையே குறைசொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு இது புதுப்பாடம்.

என் மச்சான் லாரி ஓட்டியவர். 112 கிலோ, இரண்டு வேளை இன்சுலின். கோயம்புத்தூரில் பைபாஸ் செய்துகொண்டு வந்த வாரமே ஊசி பாதியானது, இரண்டு மாதத்தில் நின்றது. கல்யாணப் பந்தியில் அவர் ஒரு இட்லியோடு இலையை விட்டு எழுந்ததைப் பார்த்து, “ஏம்ப்பா, பெரிய வியாதியா?” என்று ஊரே கேட்டது. நாலாம் வருஷம் சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. இப்போது அவர் பையில் ஒரு மெட்ஃபார்மின், கூடவே ஆயுளுக்கும் பி12, இரும்புச்சத்து மாத்திரைகள்.

அதனால் ‘குணமாகிவிட்டது’ என்று நான் சொல்வதில்லை, அடங்கியிருக்கிறது. கிளீவ்லாந்தில் நடந்த ஓர் ஆய்விலும், ஐந்து வருஷம் கழித்து சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6 சதவீதத்துக்குள் நின்றது பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம் பேருக்குத்தான். மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 5 சதவீதம்.

2016இல் உலக நீரிழிவு அமைப்புகள் வகுத்த நெறி, நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு உடல் பருமன் எண் 32.5ஐத் தொட்டு, மருந்துக்கும் சர்க்கரை அடங்காவிட்டால் ஆபரேஷனைப் பரிந்துரைத்தது. 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது ஏறக்குறைய 88 கிலோ. விவரம் கேட்க, அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கணக்கில் வருகிறவர்கள் அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கத்தியைத் தூக்கிவிட மாட்டார்கள்.