மணலில் எழுதிய விரல்கள்

சென்னையின் தென்பகுதியிலுள்ள தரமணிக்குச் செல்வோர் இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளையே முதலில் காண்பர். ஆயினும், கல்வியுலகில் அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை தொழிற்கல்விக் கூடங்களே. 1916இல் சென்னைத் தொழிற்பள்ளியாகத் தோன்றிய மத்திய பாலிடெக்னிக் பின்னாளில் அங்கேதான் நிலைகொண்டது. இரும்பைத் தொட்டு, அரத்தால் அராவி, பிழை செய்து திருத்தினாலன்றித் தொழில் கைவராது என்பதை அங்கு எவரும் மறுப்பதில்லை. பதினாறு வயது இளைஞனுக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஆறு வயதுக் குழந்தைக்குப் பொருந்தாதா? இவ்வினாவுக்குச் சென்னை மாநகரம் மும்முறை விடை கூறியிருக்கிறது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

முதல் விடை எழும்பூரில் கிடைத்தது. அங்கு 1789இல் தொடங்கப்பெற்ற படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் அவர் குதிரையில் செல்லும் வழியில் ஒரு நாட்டுப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தனர். நம் திண்ணைப் பள்ளிகளில் அன்றாடம் நிகழ்ந்த அக்காட்சி அவருக்குப் புதுமையாகத் தோன்றிற்று. தம் இல்லத்திலும் அம்முறையைப் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் கைக்கொண்டார். 1797இல் இங்கிலாந்தில் அவர் வெளியிட்ட சிறுநூலால் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரே பரவியது. ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் கல்லூரி' என்னும் பள்ளி இன்றும் உண்டு. நம் ஏழைப் பிள்ளைகளின் விரல் நுனியிலிருந்து கடல் கடந்த கல்வி அது!

இரண்டாம் விடை அடையாற்றில் பிறந்தது. இத்தாலியப் பெண் மருத்துவரான மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் சென்னை வந்தார். ஆல்காட் தோட்டத்துக் கீற்றுக் கொட்டகைகளில் அவரிடம் பயிற்சி பெற ஏறத்தாழ முந்நூறு பேர் கூடினர். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தை தடவி அறிந்தது. மணிகளைக் கோத்து ஒன்று, பத்து, நூறு எனக் கணக்கைக் கையில் ஏந்திற்று. மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, அவருடைய மகன் சிறைவைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுக்குள் வந்தது. அந்நிலையிலும் பணி நிற்கவில்லை. இம்முறை 1907இல் உரோமாபுரியின் வறியோர் குடியிருப்பில், ஏழைக் குழந்தைகளுக்காகவே தோன்றியது. ஆனால் நம் நகரங்களிலோ மாண்டிசோரி என்ற பெயர் பெரும்பாலும் கட்டணம் கட்ட வல்லோரின் பள்ளிப் பலகைகளில் தங்கிவிட்டது.

ஏழைக்குக் கைவழிக் கல்வி தர முயன்றோர் இல்லாமலில்லை. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்விக்குத் திட்டம் வகுத்த குழுவின் தலைவர், பின்னாளில் குடியரசுத் தலைவராய் விளங்கிய டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களே. நூல் நூற்கும் கையே கணக்கையும் உலகியலையும் கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆயினும், 1953இல் இராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றபோது தமிழகம் கொதித்தெழுந்தது. குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்ட அத்திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. அச்சம் நியாயமானதே. கையைக் கொண்டு அறிவை வளர்ப்பது வேறு; கையைக் குலத்தொழிலோடு கட்டிப்போடுவது வேறு.

இவ்வேறுபாட்டை விளக்கியது மூன்றாம் விடை. வேலூர் மாவட்டத்தில் பீடி சுற்றிய கொத்தடிமைச் சிறுவரை மீட்டுப் பள்ளியில் சேர்க்கும் பணியில் ஈடுபட்டவர் ஆட்சிப் பணி அலுவலர் எம்.பி. விஜயகுமார். அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த காலத்தில், 2003இல், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கு ஆசிரியர்கள் உருவாக்கிய அட்டைமுறையே அதற்கு வழிகாட்டி. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். சுவரின் கீழ்ப்புறம் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஏணிப்படம் பார்த்துத் தனக்குரிய அட்டையைத் தானே எடுத்து, தன் வருகையையும் தானே குறித்தது குழந்தை. இம்முறை மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவி, 2007-08இல் தமிழகமெங்கும் சென்றது.

குறைகளும் இருந்தன. நெருக்கடியான வகுப்புகளில் அட்டையை முடிப்பதே சடங்காகிவிட்டது. பதிவேடுகள் ஆசிரியரின் பொழுதை விழுங்கின. 'பிள்ளை விளையாடுகிறான், படிக்கவில்லை' என்று மனம் சலித்த பெற்றோரும் உண்டு. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும், பெருந்தொற்றுக் காலத்து இழப்பை ஈடுசெய்ய ஆடல், பாடல், செயல் இவற்றையே நாடியது. ஆக, வழி மாறினும் திசை மாறவில்லை.

நம் இல்லங்களுக்கு இது அந்நியச் செய்தியன்று. மக்தபில் மரப்பலகையில் எழுதி, ஓதி, கழுவி, மீண்டும் எழுதிய தலைமுறையின் வழிவந்தோர் நாம். எனினும் பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும், 'எத்தனை பக்கம் எழுதினாய்?' என்றே கேட்கிறோம். 'இன்று என்ன செய்து பார்த்தாய்?' என்றும் ஒருமுறை கேட்போமாக! பீடி சுற்றுவதிலிருந்து விடுபட்ட விரல்கள் எழுத்தைத் தடவி அறிந்த நாள், தமிழகக் கல்வி வரலாற்றில் பொன்னாள். அவ்விரல்களை மீண்டும் வெறும் படியெடுக்கும் கருவிகளாக்குவது நமக்குத் தகுமா?