தரமும் அட்டையும்

பட்டா வேலையாக அலைந்தவர்கள் அ-பதிவேட்டைப் பார்த்திருப்பார்கள். ‘மண் வயனமும் ரகமும்’ என்று அதில் ஒரு கலம் உண்டு. அடுத்தது ‘மண் தரம்’. பரப்பையும் பட்டா எண்ணையும் சரிபார்க்கும் அவசரத்தில் இவற்றை யாரும் படிப்பதில்லை. வெள்ளையர் கால ரயத்துவாரி நிலவரி செட்டில்மெண்டின் வழிவந்த இந்தக் கலங்களை, 2015இல் தொடங்கிய மண் வள அட்டையோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். இந்த மண்ணிடமிருந்து எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டது பதிவேடு. இந்த மண்ணுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்கிறது அட்டை.

செட்டில்மெண்ட்காரர் கரிசலா செம்மண்ணா என்று பார்த்தார். களியா மணலா என்று பார்த்தார். விளைச்சலைக் காசாக்கித் தரம் பிரித்தார். அட்டைக்கு மண் எடுப்பவர் மேல்மண்ணில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் இரு பக்கமும் சீவி எடுக்கிறார். எருக்குவியல், மரநிழல், வாய்க்கால் ஓரம் ஆகாது. பல இடத்து மண்ணைக் கலந்து பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, அரைக் கிலோவாகக் குறைக்கிறார். தழை, மணி, சாம்பல் தொடங்கித் துத்தநாகம், போரான் வரை 12 கூறுகளை அட்டை சொல்கிறது. பதிவேடு சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஆனால் வரப்பு விஷயத்தில் பழையது முந்திக்கொள்கிறது. பதிவேடு புல எண் வாரியாகப் பேசும். அட்டைத் திட்டமோ பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்று கட்டம் போட்டுத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை, 2015-16 கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். ஒரு பாசனக் கட்டத்துக்குள்ளேயே மூன்று பேர் நிலம் அடங்கிவிடும். ஒருவர் ஏரி வண்டல் அடித்திருப்பார், அடுத்தவர் ஆண்டுதோறும் டிஏபி மட்டுமே போட்டிருப்பார். இருவர் கைக்கும் வருவது ஒரே உர அளவு. 2019-20இல் மாதிரிக் கிராமங்களில் தனித்தனி நிலத்தில் மண் எடுத்தது சரியான திருத்தம் என்பேன். பதிவேட்டிலும் இதே குறை வேறு உருவில் உண்டு: ஒரு புலத்துக்கு ஒரே தரம் என்றால், அதற்குள் இருக்கும் மேடும் பள்ளமும் கணக்கில் வராது. அடிக்கு அடி மாறிக்கொண்டே போகும் மண்ணுக்கு இரண்டும் கோடு போட்டன, வேறு வேறு இடத்தில்.

வயதிலும் வியப்பு இருக்கிறது. சத்துக் கணக்கு சில போகங்களில் பழசாகிவிடும். களியும் மணலும் நூறாண்டில் பெரிதாக மாறுவதில்லை. அதனால் வரிக்கு எழுதிய பழைய குறிப்பு உரத்துக்கு உதவுகிறது. தழைச்சத்து குறைவு என்று அட்டை சொன்னாலும், அதை எப்படிப் போடுவது என்பதை மண்ணின் வாகுதான் சொல்லும். மணற்பாங்கில் யூரியாவை மொத்தமாகப் போட்டால் நீரோடு கீழே இறங்கிவிடும். பல தவணையாகப் பிரிக்க வேண்டும். களி பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மணிச்சத்து போட்டும் பயிருக்கு முழுதாக எட்டாது.

அ-பதிவேட்டை இப்போது தமிழ்நாடு அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அடுத்த முறை அட்டை வாங்கும்போது உங்கள் வரப்புக்குள் எடுத்த மண்தானா என்று கேளுங்கள். இல்லையென்றால், அறுவடை முடிந்ததும் நீங்களே எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.