கட்டுத்துணிக்கு அப்பால்: முகமது சலீமின் ஆட்ட வாழ்வை அளப்பது எப்படி?

கிளாஸ்கோவில் 1936இல் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. செல்டிக் கால்பந்துக் கழகப் பயிற்றாளர் ஜிம்மி மெக்மெனமி, கல்கத்தாவிலிருந்து வந்த முகமது சலீமின் பாதத்தில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருக்கிறார். வலப்புற விங்கரான சலீம் பூட்ஸ் இல்லாமலே ஆடினார். ஹாமில்டனை 5-1 என வென்றபோது பெனால்டியில் ஒரு கோல் போட்டார். ஆகஸ்டு 28இல் கால்ஸ்டனை 7-1 என வென்றபோது மூன்று கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார். ஸ்காட்லாந்து நாளேடு அவரை வித்தைக்காரராக வருணித்தது. பின்னால் எழுதியவர்களும் அந்தப் பாதத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிளாஸ்கோவின் இரண்டு ஆட்டங்களை வைத்து இவரை எடைபோடுவது பிழை என்பதே என் வாதம்.

அவை மாற்று அணிக்கான ஆட்டங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. 1935-36 பருவத்தில் செல்டிக்தான் ஸ்காட்லாந்து லீக் வெற்றியாளர். அதன் ஆட்டக்காரர் மெக்ரோரி மட்டும் அப்பருவ லீக்கில் 50 கோல் அடித்திருந்தார். முதல் அணியின் வலப்புற ஓரமோ ஸ்காட்லாந்து தேசிய ஆட்டக்காரர் ஜிம்மி டெலானியின் கையில் இருந்தது. அப்படிப்பட்ட கழகம் தங்கச் சொல்லியும் சலீம் ஊர் ஏக்கத்தால் திரும்பினார்.

திரும்பிய இடம்தான் முக்கியம். அவருடைய கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றது. அதுவரை எந்த இந்தியக் கழகத்துக்கும் வாய்க்காத பட்டம் அது. 1911இல் மோகன் பகான் கழகம் வென்ற ஷீல்டு, தோற்றால் வெளியேறும் குறுகிய போட்டி; லீக்கோ மழையிலும் சேற்றிலும் மாதக்கணக்கில் இழுப்பது. காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து பணியும், சேற்றில் வழுக்கும். முகமதன் கழகம் ஈரத் திடலுக்கு பூட்ஸ் அணியும் முறையைக் கொண்டுவந்ததற்குக் காரணம் அதுவே. ஆகவே அங்கே வெறுங்கால் என்பது தரையைப் பார்த்து எடுத்த முடிவு. வித்தை என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது.

அதே 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போன சீன அணி சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஆடிவிட்டு இந்தியா சென்றது. அதை எதிர்த்து ஓர் ஆட்டம் ஆடிய சலீம், அடுத்த ஆட்டத்துக்குள் கிளாஸ்கோ பயணத்துக்காகக் கப்பலேறிவிட்டார். கல்கத்தாவும் கோலாலம்பூரும் அன்று ஒரே பயண வழியில் இருந்தன.

அந்த வழியில் இருந்த மலாயாவின் அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டத் திடல்களிலும் நம்மவர் வெறுங்காலோடு ஆடினார்கள். வெளியூர் நாளேடு பார்த்ததை மட்டும் சான்றாகக் கொண்டால் அவர்களுக்கு வரலாறே இராது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் காலியாகிவிட்டன. வீட்டில் பழைய குழுப்படம் வைத்திருப்போர், யார் எந்த இடத்தில் ஆடினார், எந்த ஆண்டு என்பதைப் படத்தின் பின்புறம் இப்போதே எழுதி வையுங்கள்.