வாளையாற்றுக்கு அப்பால் சம்பளம்: கொங்கு நாட்டில் தொழில் வரியும் மாநில எல்லையும்

இந்தியாவில் சம்பளத்தின் மீது மாநிலங்கள் வரி போடுவதில்லை என்ற பொதுக் கருத்து பாதிதான் சரி. வேளாண் வருமானம் நீங்கலான வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உரியது. ஆனால் மாநிலப் பட்டியலின் 60ஆம் பதிவு தொழில் வரியை மாநிலங்களுக்குத் தருகிறது. அந்த வரி வருமானத்தைச் சார்ந்தது என்ற காரணத்தால் செல்லாது போகாது என்று அரசியலமைப்பின் 276ஆம் உறுப்பு காப்பும் அளிக்கிறது. சம்பள அடுக்கை வைத்தே தொகை கணக்கிடப்படுவதால், இது சிறிய அளவிலான மாநில வருமான வரிதான். பெங்களூரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு கோவையின் சரவணம்பட்டியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் இந்த வரியை எந்த ஊருக்குக் கட்ட வேண்டும்? கணினி யுகம் கொண்டுவந்த புதுச் சிக்கலாக இது தோன்றலாம். ஆனால் இதற்கான விடை நூறாண்டுக்கு முன்பே நம் சட்டத்தில் இருந்தது என்பதும், மாநில எல்லைதான் அதைச் செயலற்றதாக்கியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதில் வியக்கத்தக்க தெளிவுடன் எழுதப்பட்டது. ஓர் அரையாண்டில் மொத்தம் 60 நாட்களுக்குக் குறையாமல் நகராட்சிக்குள் தொழில் செய்தவரும் உத்தியோகம் பார்த்தவரும் வரி கட்ட வேண்டும். வேலை வெளியூரில் இருந்தாலும், 60 நாட்கள் நகராட்சிக்குள் குடியிருந்தவரும் கட்ட வேண்டும். அப்படியானால் ஒரே ஆளிடம் இரண்டு ஊர்கள் கேட்கலாமே என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் முன்கூட்டியே கண்டிருந்தார்கள். அதே அரையாண்டுக்கு மாகாணத்தின் வேறோர் உள்ளாட்சியில் கட்டியதற்குச் சான்று காட்டினால், அந்தத் தொகை கழிக்கப்படும். இரண்டாவது ஊர் கேட்கக்கூடியது வித்தியாசத்தை மட்டுமே. கோவைக்கு இது ஏட்டுச்சுரைக்காயாக இருந்திருக்க முடியாது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் பெருகிய பஞ்சாலைகளில் பல, நகராட்சி எல்லைக்கு வெளியே பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் எழுந்தன. வீடு ஓர் எல்லையிலும் வேலை மற்றோர் எல்லையிலும் இருப்பது இந்த ஊரின் இயல்பு. அப்பகுதிகள் கோவையோடு சேர்ந்தது 1981இல் மாநகராட்சி உருவானபோதுதான்.

அந்தக் கழிவு எட்டிய தூரத்தைக் கவனிக்க வேண்டும். அன்று பாலக்காடு மலபார் மாவட்டத்தில், அதாவது அதே சென்னை மாகாணத்தில் இருந்தது. பாலக்காட்டில் குடியிருந்து கோவையில் உத்தியோகம் பார்த்தவருக்கு ஒரே சட்டம், ஒரே கழிவு. 1956 நவம்பர் 1இல் மலபார் கேரளத்துக்குப் போனது. கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகா மைசூருக்குப் போனது. ரயிலும் மனிதர்களும் முன்போலவே எல்லையிலுள்ள வாளையாற்றைக் கடந்தார்கள், ஆனால் கழிவு அங்கேயே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் 1998 திருத்தங்கள் தொழில் வரியைத் திரும்பவும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, எல்லைக்குள் தொழிலோ வேலையோ செய்வதை அடிப்படையாக்கின. அப்போதும், ஏற்கெனவே கட்டியதற்கான விலக்கு மாநிலத்துக்குள் இருக்கும் உள்ளாட்சிகளோடு முடிந்துவிட்டது. 276ஆம் உறுப்பின் உச்சவரம்பும் இங்கே உதவாது. ஒரு மாநிலமோ, அதிலுள்ள ஓர் உள்ளாட்சியோ ஒருவரிடம் வாங்கும் தொகைக்குத்தான் அது வரம்பு. இரண்டு மாநிலங்கள் வாங்குவதன் கூட்டுத்தொகைக்கு அது வரம்பே அல்ல.

ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்காக இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். அரசியலமைப்புக்கு முன் 1940இல் சேர்க்கப்பட்ட விதியில் வரம்பு 50 ரூபாய், அரசியலமைப்பில் 250 ரூபாய். 1988இன் 60ஆம் திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதன்பின் அது அசையவில்லை என்பது உண்மை. ஆனால் 15ஆவது நிதி ஆணையம் 18,000 ரூபாயாக உயர்த்தப் பரிந்துரைத்துள்ளது. அது நடந்தால் இரட்டை வரி 36,000 வரை போகக்கூடும். தொகை சிறியதாக இருக்கும்போதே விதியைச் சீராக்குவதுதான் அறிவு.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சம்பளம் பிறக்கும் இடம் பெங்களூரு, அங்கே நிறுவனம் பிடித்தம் செய்கிறது, வசூலும் எளிது, அதனால் வரியும் அங்கேயே இருக்கட்டும் என்பது அந்த வாதம். மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300 என்று கர்நாடகம் பிடிக்கும் முறை எளிதானதுதான். ஆனால் வசூலிக்கும் வசதி உரிமையாகிவிடாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் இதே வாதத்தின் பலத்தில், ஊழியர் தம் சொந்த வசதிக்காக வெளிமாநிலத்து வீட்டிலிருந்து வேலை செய்தாலும் அவரிடம் வரி வாங்குகிறது. அங்கேயும் அது ஓயாத வழக்குக்குரிய விஷயம். நம் தொழில் வரி தமிழகத்தில் உள்ளாட்சியின் வருவாய். அந்தச் சரவணம்பட்டி ஊழியர் நடக்கும் சாலையையும் குடிக்கும் தண்ணீரையும் பராமரிப்பது கோவை மாநகராட்சி. அவருடைய வேலை உண்மையில் நடக்கும் இடமும் அதுவே. எனவே முதல் உரிமை கோவைக்கே என்பது என் முடிவு.

இதற்காகப் புதுத் தத்துவம் எதுவும் தேடத் தேவையில்லை. தமிழ்நாடும் கர்நாடகமும் கேரளமும் தத்தம் சட்டங்களில், வேறு மாநிலத்தில் கட்டிய தொழில் வரிக்கும் கழிவு உண்டு என்று ஒரு விதி சேர்த்தால் போதும். 18,000 ரூபாய்ப் பரிந்துரை நாடாளுமன்றத்துக்கு வரும் நாளில், 276ஆம் உறுப்பின் வரம்பு ஒருவர் எல்லா மாநிலங்களிலும் கட்டும் மொத்தத்துக்கும் பொருந்தும் என்று திருத்தும்படி கொங்கு நாட்டு உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.