நாய் பிஸ்கட்டின் பேலன்ஸ் ஷீட்

புனேயில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் சாயங்காலமானால் நாயோடு நடப்பவர்கள் கூட்டம் அதிகம். அவர்கள் பேச்சில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘கிரெய்ன் ஃப்ரீ’. அரிசி, கோதுமை, மக்காச்சோளம் எதுவும் சேராத உலர் உணவு. சாதா மூட்டையைவிட விலை நன்றாகவே கூட. “நாய் என்றால் ஓநாயின் பிள்ளைதானே சார், ஓநாய் என்ன கோதுமையா தின்றது?” என்று இந்தியில் மடக்குகிறார் கடைக்காரர். நல்ல கேள்விதான். ஆனால் இந்த மூட்டையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் வேறு ஒரு கேள்வி முக்கியமாகப் படுகிறது: பையில் ‘புரதம் 30%’ என்று போட்டிருக்கிறார்களே, அது எதை எண்ணி வந்த எண்?

முதலில் பிஸ்கட். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்க லண்டன் போனவர். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசிய காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் அடித்துப்பிடித்துத் தின்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1860-களின் தொடக்கத்தில் கோதுமை, பீட்ரூட், காய்கறி, உலர்ந்த இறைச்சி சேர்த்து ‘டாக் கேக்’ போட்டு விற்றார். வாங்கியது வேட்டைநாய் வளர்த்த சீமான்கள். (இன்று உலகப் புகழ்பெற்ற க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை 1891-ல் தன் பெயரில் நடத்திய சார்லஸ் க்ரஃப்ட், இந்த ஸ்ப்ராட் கம்பெனியில் பையனாகச் சேர்ந்தவர்தான்.) ஆக, கடையில் விற்ற நாய் உணவு பிறந்ததே கோதுமையில்.

அடுத்து 1922-ல் அமெரிக்காவில் கென்-எல் ரேஷன் என்று டப்பாவில் அடைத்த குதிரை இறைச்சி வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் டப்பா உணவு படுத்துவிட்டது, உலர் உணவு மேலே வந்தது. 1957-ல் பியூரினா ‘டாக் சோ’வைக் கொண்டுவந்தது. மாவுக் கலவையைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, சின்ன துளை வழியே தள்ளினால் வெளியே வந்ததும் பொரிபோல் உப்பும். காலை உணவுத் தானியம் செய்யும் தொழிலில் இருந்து வந்த வித்தை.

இந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது உப்ப வைப்பது மாவுச்சத்தைத்தான். வெறும் இறைச்சியைப் போட்டால் இந்த மொறுமொறு உருண்டை வராது. எனவே கோதுமையை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு மாவு வந்தே தீர வேண்டும். உருளைக்கிழங்கு, மரவள்ளி, பட்டாணி, மசூர் பருப்பு, கொண்டைக்கடலை. வெள்ளைக்காரன் கணக்கில் பருப்பு தானியமில்லை. நம்மூர் நவதானியத்தை எடுத்துப் பாருங்கள்: துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, உளுந்து, கொள்ளு என்று ஒன்பதில் ஆறு பருப்பு வகை! ஆத்தாவிடம் போய் இது தானியமில்லாத உணவு என்று சொன்னால் சிரித்திருப்பார் :-)

சரி, அந்த 30%. 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் என்பவர் பார்லியில் புரதத்தை அளக்க ஒரு வழி கண்டார். புரதத்தை அவர் நேரடியாக அளக்கவில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்தார். புரதத்தில் சுமார் 16% நைட்ரஜன், எனவே கிடைத்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். மலிவு, சுலபம். இன்றும் பையில் இருக்கும் ‘க்ரூட் புரோட்டீன்’ இந்த வழியில் கணக்கிடுவதுதான்.

பி.காம் படித்தவனுக்கு நைட்ரஜன் எதற்கு என்று கேட்பீர்கள். 25 வருடமாகக் கடன் விண்ணப்பம் பார்க்கிறேன். ஒரே ஒரு எண்ணை வைத்து மதிப்பிடும் இடத்தில், அந்த ஒரு எண்ணை மட்டும் ஊதிக் காட்டும் ஆள் வந்தே தீருவான். இங்கும் வந்தான். 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் 6 கோடிக்கும் மேற்பட்ட டப்பா, பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றது. தின்ற நாய், பூனைகளின் சிறுநீரகம் பழுதானது. சீனாவில் இருந்து ‘கோதுமை குளூட்டன்’ என்று வந்த சரக்கில் மெலமைன் கலந்திருந்தது. தட்டு செய்யும் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கிப் பாருங்கள், 416% புரதம்! பிறகு சோதித்ததில் அந்தச் சரக்கு குளூட்டனே இல்லை, மெலமைன் போட்ட சாதாரணக் கோதுமை மாவு என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே, 2008-ல், சீனாவில் அதே வித்தையைக் குழந்தைகளின் பால் பவுடரில் காட்டினார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன, ஆறு குழந்தைகள் இறந்தன.

குற்றவாளி கோதுமை இல்லை. ஆனால் செய்தியில் கோதுமை என்ற பெயர் அடிபட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் ‘கிரெய்ன் ஃப்ரீ’ பைகள் அலமாரியில் பெருகின. அந்தப் பைகளில் புரத எண்ணைத் தூக்கிக்கொடுத்ததில் பட்டாணிக்குப் பெரிய பங்கு. இதில் மோசடி ஏதுமில்லை, பட்டாணியில் இருப்பது அசல் புரதம்தான். ஆனால் பருப்பு வகைகளில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. நாயின் உடல் மெத்தியோனினையும் சிஸ்டைனையும் வைத்துத்தான் இதயத்துக்கு வேண்டிய டாரினைச் செய்துகொள்கிறது. கெல்டால் கணக்கு கோழிக்கும் பட்டாணிக்கும் வித்தியாசம் பார்க்காது.

2018 ஜூலையில் அமெரிக்க எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டது: பருப்பு, உருளைக்கிழங்கு முக்கியப் பொருளாக உள்ள உணவு தின்ற நாய்களுக்கு, இதயத் தசை தளர்ந்து இதயம் பெருக்கும் டிசிஎம் நோய் வருவதாகத் தகவல்கள் வருகின்றன, ஆராய்கிறோம் என்று. 2014 முதல் 2019 ஏப்ரல் வரை 524 புகார்கள். அதில் சொல்லப்பட்ட உணவுகளில் 90%-க்கு மேல் தானியமில்லாதவை, 93%-ல் பட்டாணியோ மசூரோ இருந்தது. பரம்பரையாக இந்த நோய்க்குப் பேர்போன டோபர்மேன் மட்டுமல்ல, கோல்டன் ரெட்ரீவர்களும் நிறைய. ஆனால் பாதிக்கப்பட்ட பல நாய்களின் ரத்தத்தில் டாரின் சரியாகவே இருந்தது. ஆக, டாரின் கதை முழுக் காரணம் ஆகாது. 2022 டிசம்பரில், புகார்களை மட்டும் வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது, புதிய அறிவியல் தகவல் கிடைக்கும்வரை மேற்கொண்டு அறிவிப்பு இல்லை என்று எஃப்டிஏ சொல்லிவிட்டது. நிரூபணமும் இல்லை, விடுதலையும் இல்லை. எங்கள் பாஷையில் ‘வாட்ச் லிஸ்ட்’ கணக்கு.

ஓநாய்க் கேள்விக்கு 2013-லேயே பதில் வந்துவிட்டது. ஸ்வீடன் விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதி, நாய்க்கு நான்கில் இருந்து முப்பது வரை. மனிதனோடு ஒட்டிய நாள் முதல் நம் எச்சில் சோற்றையும் செரிக்கப் பழகிய பிராணி அது. நம் ஊரில் தயிர் சாதத்தில் வளர்ந்த நாய்களிடம் கேட்டாலே சொல்லியிருக்கும்!

பையைத் திருப்பிப் படிக்கும்போது நான் பார்ப்பது இரண்டு இடம். பொருட்களின் வரிசை எடைப்படி, அதுவும் வேகவைப்பதற்கு முன் இருந்த எடை. ‘ஃப்ரெஷ் சிக்கன்’ முதலிடத்தில் இருந்தால் அதில் 70% போலத் தண்ணீர். மார்ச் 31 அன்று வந்து ஏப்ரல் 1 கிளம்பிப்போகும் டெபாசிட் மாதிரி, சூட்டில் ஆவியாகிவிடும். ‘சிக்கன் மீல்’ என்றால் ஏற்கனவே நீர் வற்றிய தூள். கேட்க அழகில்லை, ஆனால் கணக்கில் நிற்கும். இரண்டாவது, பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று நாலு வரி. ஒரே குடும்பம் நாலு பெயரில் கடன் வாங்கினால் நாங்கள் கூட்டித்தான் பார்ப்போம். கூட்டுங்கள், பட்டாணி முதலிடத்துக்கு வந்தாலும் வரும்.

பையில் போடாத எண் ஒன்று உண்டு, மாவுச்சத்து. புரதம் 26, கொழுப்பு 15, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மீதி 37. தானியம் இல்லை, மாவு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்’ என்ற வாசகம் இருக்கிறதா, எந்த வயது நாய்க்கு என்றும் பாருங்கள். அமெரிக்காவின் ஆஃப்கோ அளவுப்படி ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18%, குட்டிக்கு 22.5%. முப்பது நாற்பது என்பதெல்லாம் போட்டிக்குப் போட்ட எண்.

தோலில் நிஜமாகவே கோதுமை ஒவ்வாமை உள்ள நாய்கள் சில உண்டு, அது டாக்டர் முடிவு. மற்றபடி இந்த உணவு கொடுத்துவருகிறவர்கள், நாய் சீக்கிரம் களைத்தாலோ இருமினாலோ மயங்கினாலோ, தின்பது என்ன என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உணவை மாற்றிச் சிகிச்சை கொடுத்ததில் தேறிய நாய்கள் அந்தப் புகார்களிலேயே இருக்கின்றன. உணவை டப்பாவில் கொட்டி வைத்தாலும் பையைத் தூக்கி எறியாதீர்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.